பாம்பன் கரைவாசம்

இராமேசுவரம் என்ற மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்ணில் எழுவது நெடிய பிராகாரமும், 22 தீர்த்தங்களும், ஈரத்துணியோடு வரிசையில் நகரும் யாத்ரிகர் கூட்டமுமே. அந்த க்ஷேத்திரத்தைத் தாங்கி நிற்கும் நிலத்துக்குப் பாம்பன் தீவு என்று பெயர் என்பதும், மேற்கே பாம்பன் முதல் கிழக்கே அரிச்சல்முனை வரை நீண்டு கிடக்கும் அந்த மணல் பூமியில், கோயிலுக்கு வந்து போகிறவர்களின் கண்ணில் அதிகம் படாத ஒரு ஜீவனம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது என்பதும் அநேகரின் நினைவுக்கு வருவதில்லை. விடியற்காலையில் இறங்கி, தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, மாலை வண்டியில் திரும்ப வேண்டியவர்களுக்கு அதைப் பார்க்க அவகாசமும் இல்லை. கோயிலை மட்டுமன்றி அந்தக் கரையையும் அதன் ஜனங்களையும் நிதானமாகக் காணவேண்டும் என்று வெகுகாலமாக என் உள்ளத்தில் இருந்துவந்த ஆவல் சென்ற வருஷம் கைகூடிற்று. கோடையில் போய், வாடைக்காற்று பிறக்கும் வரையில், பாம்பன் ஊரின் தென்கரையை அடுத்து ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அங்கேயே வசித்தேன்.

என் சொந்த வாசஸ்தலம் வேலப்பன்சாவடி. சென்னையின் மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேல் அமைந்த அந்த ஊரில், பெங்களூரை நோக்கிப் போகும் லாரிகளும், கல்லூரிகளுக்கு மாணவர்களை ஏற்றிவரும் பேருந்துகளும், திருவேற்காட்டுக் கருமாரியம்மனைத் தரிசிக்க அங்கே திரும்பும் வாகனங்களும் இரவென்றும் பகலென்றும் பாராமல் சென்றுகொண்டே இருக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறுகிற நேரத்தைக் கொண்டே எங்கள் தெருவில் மணி சொல்லிவிடலாம். வேலை உள்ளவன் அதைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுகிறான். இல்லாதவன் அதைத் தேடி ஓடுகிறான். ஓய்வு என்பது எல்லாம் சம்பாதித்து முடித்தபின் கிடைக்கக்கூடிய சன்மானம் என்றே நாங்கள் அனைவரும் எண்ணி வருகிறோம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து போகிறவனுக்கு, பட்டப்பகலில் ஒரு கரை முழுவதும் படகுகள் ஓய்ந்து கிடக்க, ஆடவர் உடைமரத்து நிழலில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டும் இடையிடையே கண்ணயர்ந்துகொண்டும் இருக்கும் காட்சியைக் கண்டால், இது சோம்பலின் ராஜ்யம் என்ற எண்ணம் எழுவது இயற்கை. அது சோம்பல் அன்று என்பதையும், அங்கே காணும் சாவகாசம் மிகக் கண்டிப்பான ஒரு நியமத்துக்கு உட்பட்டது என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து புறப்படும் இராமேசுவரம் எக்ஸ்பிரஸை இன்றும் போட் மெயில் என்றே பலர் அழைக்கிறார்கள். 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின்பு, ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே நீராவிக் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்த காலத்தின் ஞாபகம் அந்தப் பெயரில் மிஞ்சி இருக்கிறது. அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதுப்பாலம் திறக்கப்பட்டது, 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் ஒரு பகுதி அப்படியே நேராக மேலெழும்பிக் கப்பல்களுக்கு வழிவிடுகிறது. பழைய பாலத்தின் இரு சிறகுகளையும் ஆட்கள் சுற்றி நின்று கையால் இயக்கித் திறந்த காலத்தைக் கண்டவர்கள் பாம்பனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் புதிய யந்திரத்தை மெச்சிக்கொண்டே பழையதை வாஞ்சையோடு பார்க்கிறார்கள்.

பாலத்தைக் கடக்கையில் ஜன்னலின் இரண்டு பக்கமும் தெரிவது ஒரே சமுத்திரம் அன்று. வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. பூகோளப் புத்தகத்துப் பெயர்களைக் கரையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. வடகடல், தென்கடல் என்பார்கள். மனம்விட்டுப் பேசும்போது வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆழமும் அலையும் உள்ளது தென்கடல். ஆழம் குறைந்து சேறும் மணலுமாக அடங்கிக் கிடப்பது வடகடல். ஆனால் இந்தக் குணபேதம் வருஷம் முழுவதற்கும் பொருந்துவதன்று. வைகாசி பிறந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் தென்கடல் கொந்தளித்து, படகு இறக்க முடியாதபடி கரையை மோதும். அந்த மாதங்களில் வடகடலில் தொழில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை புறப்பட்டால் வடகடல் கலங்கும், தென்கடல் சாந்தமடையும். ஆகவே, நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் பருவத்துக்கு ஒரு கரையாக மாறிக்கொள்கிறார்கள். ஒரு சிறு தீவுக்கு இரு புறமும் இரு வேறு சுபாவமுள்ள கடல்களைக் கொடுத்து, ஒன்று மறுக்கும்போது மற்றொன்று இடம் கொடுக்கும்படி இயற்கை செய்திருக்கும் இந்த ஏற்பாட்டைப்போல வேறெங்கும் நான் கண்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்தது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருக்கும் 61 நாட்களுக்குக் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது சர்க்கார் விதி. முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் நீட்டிக்கப்பட்டது. படகுகளைக் கரையேற்றி, பலகைகளின் சந்துகளை அடைத்து, வர்ணம் பூசி, இஞ்சினைப் பிரித்து மாட்டி, வலைகளுக்குப் புது மிதவை கட்டும் காலம் அது. கல்யாணங்களும் வீட்டு விசேஷங்களும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன. தடைக்காலம் முடிந்த பின்பும் எல்லோரும் எல்லா நாளும் கடலுக்குப் போய்விடுவதில்லை. திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் விசைப்படகுகளுக்கு. மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இழுவலை போடும் பெரிய படகுகளுக்கும் சிறு படகுகளுக்கும் ஏற்பட்ட நெடுங்காலத் தகராறுகளுக்குப் பின்பு பாக் விரிகுடாவில் உண்டான உடன்படிக்கை இது. மீறுகிறவர்கள் உண்டு. ஆயினும், ஒரே தொட்டியிலிருந்து நீர் மொள்ளும் இரு குடும்பங்கள் முறை வைத்துக்கொள்வதுபோல, ஒரு கடலை நாள் கணக்கில் பங்கிட்டுக்கொண்ட அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் வீட்டுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சிறு வயதில் பாய்மரம் ஏற்றிக் கடலோடியவர். இப்போது பேரனின் படகுக்கு வலை பார்க்கிறார். ஒரு நாள் காலையில் வானம் நிர்மலமாகவும் கடல் அமைதியாகவும் எனக்குத் தோன்ற, இன்றைக்கும் படகுகள் போகவில்லையே என்று அவரிடம் கேட்டேன்.

“கரையில நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும் ஐயா. நேத்து ராவுலேர்ந்து நீரோட்டம் மாறிக் கெடக்கு. இன்னைக்கு வலையப் போட்டா அம்புட்டும் பாசியில சுத்திக்கிட்டு வரும். அதைப் பிரிக்க ரெண்டு நாளாகும், டீசல் காசும் போயிரும். அதுக்கு வீட்டுல இருந்தா லாபந்தானே?”

அந்தப் பதிலில் இருந்த கணக்கு மிகத் துல்லியமானது. காற்று, நீரோட்டம், நிலவின் வளர்ச்சி தேய்வு, வலையின் கண், எண்ணெயின் விலை, மறுநாள் ஏலத்தில் வரக்கூடிய தொகை இவை யாவும் அதில் அடங்கி இருந்தன. இந்தக் கணக்குக்கு உதவியாக இப்போது வானொலி ஒன்றும் வந்திருக்கிறது. 2016 முதல் பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் கடல் ஓசை என்னும் சமுதாய வானொலி, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் மீனவருடைய பேச்சிலேயே அறிவிக்கிறது. பெரியவர் அதைச் சிரத்தையாகக் கேட்பார். கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து தாமும் ஒருமுறை வானத்தைப் பார்ப்பார். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் மட்டும் விவாதமே இல்லை.

அதற்குக் காரணம் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலும் பேரலையும் தனுஷ்கோடிப் பட்டினத்தை அழித்தன. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களும் கடலோடு போனார்கள். சேதமுற்ற பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்து கொடுத்தவர், பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற எஞ்சினியர் ஸ்ரீதரன். தனுஷ்கோடியோ மீளவில்லை, மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. மாதா கோயிலின் சுவரும் ரயில் நிலையத்தின் எஞ்சிய கற்களும் மணலில் நிற்பதைப் பார்க்க, 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்ட பிறகு, தினந்தோறும் வாகனங்கள் வருகின்றன. அந்த இடிபாடுகளைவிட என் மனத்தைக் கவர்ந்தவை முகுந்தராயர் சத்திரம், கம்பிப்பாடு முதலிய இடங்களில் ஓலைக் குடிசை போட்டு இன்றும் வாழும் மீன்பிடி குடும்பங்களே. இரு மருங்கும் உப்புக்கடல் இருக்க, நடுவே மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் நிரப்பும் பெண்களை அங்கே பார்த்தேன். மழைநீர் மணலில் இறங்கி, கனத்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் இந்த ஊற்று சாத்தியமாகிறது. அவசரப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மேலாகத் தோண்டி, ஊறும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். அந்தக் குடத்துத் தண்ணீரை ஒருவர் எனக்குக் குடிக்கக் கொடுத்தார். அதன் மதுரம் நாவில் நிற்கிறது.

ஆனால் இந்தத் தீவின் நியமத்தைப் பூரணமாக நான் கற்றது சின்னப்பாலத்துப் பெண்களிடத்தில். பாம்பனை அடுத்த அந்தக் குப்பத்தில் பெண்கள் கடற்பாசி எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். விடிவதற்கு முன் வள்ளங்களில் ஏறி, பவளப் பாறைகள் உள்ள தீவுகளின் ஓரத்துக்குப் போய், கண்ணுக்குக் கண்ணாடியும், விரல்களில் சுற்றிய துணியும், இடுப்பில் கட்டிய பையும் தவிர வேறு உபகரணம் இன்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப்படுகிறது. கட்டக்கோரையும் ஆலைகளுக்குப் போகிறது. நாம் உண்ணும் ஐஸ்கிரீமிலும், ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளிலும் இந்த வகைப் பாசிகளின் சத்து சேர்ந்திருக்கிறது என்பதையும், அதற்காக ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி பனிக்காலத்து விடியலில் கழுத்தளவு நீரில் நின்றிருக்கக்கூடும் என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சட்டம் இறுக இறுக, தலைமுறைகளாகப் போய்வந்த இடத்துக்கு இந்தப் பெண்கள் அத்துமீறி நுழைகிறவர்களாக ஆனார்கள். படகு பறிமுதலாவதும் அபராதம் கட்டுவதும் வழக்கமாயின. அவர்கள் சங்கமாகக் கூடினார்கள். வாழ்வதற்கான உரிமையைக் கேட்டதோடு நில்லாமல், தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டையும் விதித்துக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டியால் பாறையைப் பெயர்ப்பதில்லை, விரலால் மட்டுமே பறிப்பது. அமாவாசை பௌர்ணமிகளை அனுசரித்து மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே போவது. மீன்கள் முட்டையிடும் காலத்தில் அறவே நிறுத்தி வைப்பது. இந்தப் போராட்டத்தில் முன்னின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க ஸ்தாபனம் 2015-ஆம் ஆண்டு தன் பரிசை அளித்தது. பள்ளிப் படிப்பு இல்லாத பெண்கள் கூடி நிர்ணயித்த இந்த நாட்கணக்கைக் காட்டிலும் உயர்ந்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எந்த நிபுணர் குழுவும் தயாரித்திருக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கரையில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், போகாத நாட்களில் வருமானத்துக்கு என்ன செய்வீர்கள் என்று விசாரித்தேன்.

“கருவாடு போடுவோம், நண்டு வலை பிரிக்கப் போவோம், ஓலை முடைவோம். முந்தி நெனச்ச நாளெல்லாம் பாசிக்குப் போனோம் ஐயா, அது மொளைக்கவே விடலை. இப்பப் பன்னெண்டு நாளு நமக்கு. மிச்ச நாளு கடலுக்குன்னு விட்டாச்சு.”

இதற்கு நேர்மாறாக, வெளியிலிருந்து வந்த அவசரம் ஒன்றும் இங்கே உண்டு. விரைவில் வளரும் அன்னியப் பாசி ஒன்றை மூங்கில் மிதவைகளில் கட்டி வடகடலில் பயிராக்கினார்கள். பல குடும்பங்களுக்கு அதனால் காசு கிடைத்தது மெய். ஆனால் அந்தப் பாசி தெற்கே குருசடைத் தீவின் பவளப் பாறைகளின் மேல் படர்ந்து மூடியிருப்பதை 2008 அளவில் விஞ்ஞானிகள் கண்டார்கள். அதைக் கையால் பறித்து எடுக்கும் வேலை பின்னர் நடந்தது.

தங்கச்சிமடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மீனும் உப்பும் மணக்கும் தீவின் நடுவே, மணற்பாங்கான அந்த ஊரில், பாத்தி பாத்தியாக மல்லிகை நாற்று வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களுக்கும் மல்லிகைப் பதியன்கள் இங்கிருந்து போகின்றன. வேலப்பன்சாவடியில் எங்கள் வீட்டு முற்றத்துக் கொடிக்கும் இதுவே பிறந்த ஊர் என்று, பூந்தமல்லிச் சாலையில் அதை விற்ற நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். வேர்பிடித்த குச்சிகளைக் கட்டுக் கட்டாக ஈரச்சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றுவதை அங்கே நின்று பார்த்தபோது, தூரத்து உறவினரின் வீட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு உண்டாயிற்று.

கரையின் வாழ்வில் துக்கமே இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம். 1960-களிலிருந்து பெருகிய இழுவலைப் படகுகள் வடகடலின் அடித்தளத்தைத் துடைத்து எடுத்துவிட்டன. மீன் தேடி எல்லை தாண்டுகிற படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. ஆள் சிறையில் இருக்க, படகு அக்கரையில் மக்கிப்போக, வாங்கிய கடன் வட்டியோடு இக்கரையில் வளர்கிறது. அப்படி ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கூடி உட்கார்ந்திருந்த மௌனத்தைக் கண்டவன் நான். அதே சமயம், அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் யுத்தத்தில் அனைத்தையும் இழந்து மறுபடியும் வலை வாங்கிய தமிழ் மீனவர்கள், இந்த இழுவலையில் தங்கள் வலைகள் அறுபடுவதைச் சொல்லி அழுகிறார்கள் என்பதும் சத்தியம். இலங்கை 2017-இல் அடிமடி இழுவலையைச் சட்டத்தால் தடைசெய்தது. இதைப்பற்றிப் பாம்பன் நாட்டுப்படகுக்காரர்களிடம் பேசினேன். அவர்கள் அக்கரையாரிடம் கோபம் கொள்ளவில்லை. கடலுக்கு ஓய்வு கொடாத வலையே இரு கரைக்கும் சத்துரு என்றார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிற ஏழைகளுக்கு மாற்றுத் தொழில் காட்டிய பின்பே அந்த வலையை நிறுத்தச் சொல்வது நியாயம் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

நான் புறப்பட்ட வாரத்தில் வாடை பிறந்துவிட்டது. வடகரையில் நின்ற நாட்டுப்படகுகளை, பாலத்துக்கு அடியில் சுழித்தோடும் கால்வாய் வழியே, நீரோட்டம் தணியும் நாழிகை பார்த்துத் தென்கரைக்குக் கொண்டு வந்தார்கள். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, மேல்நாட்டு விஜயம் முடித்து இலங்கை வழியாக வந்த சுவாமி விவேகானந்தரை ராமநாதபுரத்து பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டழைத்ததன் ஞாபகமாக மண்டபம் எழுந்திருக்கும் குந்துகாலில், இன்று மீன்பிடி இறங்குதளம் இருக்கிறது. அங்கே படகுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர், வரும் வருஷத் தடைக்காலத்துக்குள் பேரனுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்யவேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

புதுப்பாலம் வந்தபின் தீவுக்கு வரும் ஜனங்களின் தொகை பெருகத்தான் போகிறது. அவர்களுக்கு விடுதிகளும் உல்லாசப் படகுகளும் வாகனம் நிறுத்தும் திடல்களும் கேட்கப்படும். அவை வரட்டும். ஆனால் கரையோர நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கும் சபை எதுவானாலும், அதில் சின்னப்பாலத்துப் பெண்களுக்கும் கம்பிப்பாட்டுக் குடும்பங்களுக்கும் ஆசனம் இருக்கவேண்டும். படகு ஏறவும், வலை காயவும், பாசி உலரவும், ஊற்று தோண்டவும் எவ்வளவு மணல் வேண்டும், அது எந்த மாதத்தில் எந்தக் கரையில் வேண்டும் என்பதை அவர்களைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது.